பெரிய முள் எட்டில் நிற்கும்போது

உங்கள் வண்டி எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது சார், ஒரு விடுகதை போடுகிறேன். பன்னிரண்டு வீடு உள்ள ஒரு வட்டத் தெரு. அதில் அண்ணனும் தம்பியும் நடக்கிறார்கள். அண்ணன் குள்ளம், தம்பி நெட்டை. அண்ணன் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் தம்பி தெருவையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்பான். பிறந்ததிலிருந்து நடக்கிறார்கள், தெருவைத் தாண்டிப் போனதே இல்லை. யார் அவர்கள்?

கடிகாரமா? சரி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நீங்கள். இதே விடுகதையை என் மகளிடம் போட்டேன். சஷ்டிகா என்று பெயர், ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளுக்காகவே நான் உட்கார்ந்து கட்டிய விடுகதை இது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த அண்ணன் பாவம்ப்பா. அவனை வழியில யாராவது பேச்சுல பிடிச்சு வெச்சுக்கிறாங்களா?"

இந்தப் பிள்ளைக்கு எப்படி சார் மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பது?

இத்தனைக்கும் நான் யார்? இந்த மணப்பாறை பஸ் நிலையத்தில் பதினாறு வருஷமாக டைம் கீப்பர். தனியார் பஸ்காரர்கள் சேர்ந்து போட்ட ஆள். இந்தக் கூண்டு, இந்த நோட்டு, இந்த விசில். ஒரு வண்டி மூன்று ஐந்துக்கு எடுக்க வேண்டும் என்றால் மூன்று ஐந்து. மூன்று ஆறு ஆகிவிட்டால் பின்னால் நிற்கும் வண்டிக்காரன் இறங்கி வந்துவிடுவான். "என் ஆளையெல்லாம் அவன் ஏத்திக்கிட்டுப் போறான், நீ வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிற" என்பான். ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை நான் விலக்கி விட்டிருக்கிறேன். இந்தப் பஸ் நிலையத்தில் எந்த டிரைவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பழனியாண்டி அண்ணன் சொன்னால் மணி சரியாக இருக்கும் என்பான்.

கொஞ்சம் இருங்கள். ஏய் தங்கராணி டிரைவரே, பின்னாடி ஆள் நிக்குது, பார்த்து ரிவர்ஸ் எடு.

இவர்களுக்கு ஒரு நாளும் புத்தி வராது. என் டூட்டி மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. இப்போது மணி மூன்று இருபது. அடுத்த ஷிப்ட் ஆள் அதோ, நோட்டோடு நிற்கிறான். இருந்தாலும் என்னைப் பார்த்தால்தான் இவர்கள் பயப்படுவார்கள். உங்கள் துவரங்குறிச்சி வண்டி மூன்று முப்பத்தாறுக்கு. தாராளமாக நேரம் இருக்கிறது, உட்காருங்கள்.

எங்கே விட்டேன்? மணி. போன ஜூன் மாதம்தான் ஆரம்பித்தேன். ஸ்வீட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, இரண்டு முள் வைத்தேன். சின்ன முள் சிவப்பு, பெரிய முள் நீலம். "பாப்பா, பெரிய முள் மூணுல நின்னா பதினஞ்சு நிமிஷம்" என்றேன். "மூணுன்னு எழுதியிருக்கே, எப்படிப்பா பதினஞ்சு?" என்றாள். "ஒவ்வொரு நம்பருக்கும் அஞ்சு அஞ்சு நிமிஷம். அஞ்சு, பத்து, பதினஞ்சு." "அப்போ ஏன் மூணுன்னு எழுதியிருக்காங்க?" "அது சின்ன முள்ளுக்கு." "பெரிய முள்ளுக்கு நம்பர் எழுத மறந்துட்டாங்களா?"

நான்கு நாள் சார். நான்கு நாள் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கடிகாரம் இருக்கிறதே, அது என் மனைவியின் வேலை. அமுதவல்லி தையல் கம்பெனிக்குப் போகிறவள். காலையில் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறாள். ஒரு டைம் கீப்பர் வீட்டில், சார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேனே, பிள்ளை கஷ்டப்பட்டு முள்ளைப் பார்த்து, விரலால் எண்ணி, "எட்டேகால்" என்று சொல்லும். "அதெல்லாம் இல்லடி, எட்டுதான் ஆகுது, மெதுவா சாப்பிடு" என்பாள் இவள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "முதல்ல அதைச் சரியா வை. பிள்ளை குழம்புது." அவள் கேட்கவில்லை. "குழந்தை குழம்பல. கடிகாரம் ஒண்ணு சொல்லும், ஆளுங்க ஒண்ணு செய்வாங்கன்னு அவளுக்கு நல்லாவே தெரியும்" என்றாள். எதையாவது பொடி வைத்துப் பேசுவதே அவளுக்கு வேலை. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நீங்கள் கேட்கலாம், ஏழு வயதில் மணி தெரியாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று. காரணம் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு நான் இங்கே வந்துவிடுவேன். அப்போது அவள் தூக்கம். சாயங்காலம் ஐந்திலிருந்து பார்சல் ஆபீஸில் வேலை. வீட்டுக்குப் போகப் பத்து ஆகும். அப்போதும் அவள் தூக்கம். இடையில் ஸ்கூல் விட்டதும் எக்ஸ்எல் மொபெட்டில் நான் போய்க் கூட்டிவருவேன். அந்த நேரம்தான் எனக்கும் அவளுக்கும். முன்னால் நின்றுகொண்டு வருவாள். எதிரே வரும் பஸ் எந்த ஊர் பஸ் என்று தூரத்திலிருந்தே சொல்வாள். நான் தப்பாகச் சொன்னால் ஹாண்டில்பாரைத் தட்டிச் சிரிப்பாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் என் பிள்ளையோடு எனக்கு இருப்பது அவ்வளவுதான். அதைப் பறிகொடுக்கக்கூடாது என்றுதான் இத்தனை பாடும்.

ஸ்கூல் மூன்று நாற்பதுக்கு விடும். இங்கிருந்து எட்டு நிமிஷம். மூன்று மணிக்கு டூட்டி முடிந்தால் மூன்று எட்டுக்குப் போய் நிற்கலாம்தானே என்பீர்கள். வெளியில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் நகர்ந்தால் இங்கே என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியும். மூன்று இருபத்தைந்துக்கு வீரமாத்தி பஸ், மூன்று இருபத்தெட்டுக்குத் தங்கராணி பஸ். இரண்டுக்கும் தினமும் சண்டை. அடுத்த ஷிப்ட் ஆள் சின்னப் பையன், அவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்? "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிடுவார்கள். ஒரு டீ வாங்கிக் கையில் கொடுப்பார்கள். நல்லது கெட்டது கேட்பார்கள். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? அதனால் ஸ்கூலில் கூட்டிப் பெருக்கும் மூக்காயி அக்காவின் போனுக்கு அடித்து, "பாப்பாகிட்ட சொல்லுங்கக்கா, அப்பா அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிடுவேன். சொல்லாமல் காக்க வைத்ததில்லை. ஒரு நாளும் இல்லை.

பிள்ளையும் அழாது. கேட்டுக்கு உள்ளே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பாடத்தைக்கூட முடித்திருக்கும். பொறுமையை நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஆகஸ்டில் ஜெசிந்தா மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். அவளுக்கு வகுப்பு டீச்சர். சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பி வைக்கும் பொறுப்பும் அவரிடம்தான். மூன்று பதினைந்துக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று ஐம்பது. வீரமாத்திக்காரன் அன்றைக்குத் தங்கராணியின் கண்ணாடியை உடைத்துவிட்டான், என்ன செய்வது?

மிஸ் விஷயத்தைச் சொன்னார். வகுப்பில் நேரம் பற்றிப் பாடமாம். எல்லாரையும் தலையைக் கவிழ்த்துக்கொள்ளச் சொல்லி, "அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுன்னு எப்போ தோணுதோ அப்போ கையைத் தூக்குங்க" என்றாராம். பாதிப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்திலேயே தூக்கிவிட்டன. நான்கு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. என் மகள் மட்டும் தூக்கவில்லை. தூங்கிவிட்டாளா என்று தொட்டுப் பார்த்தால் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தப் பீரியட் முடிந்து மணி அடிக்கும்போதுதான் கையைத் தூக்கினாளாம். எனக்கு எப்படி இருக்கும்? டைம் கீப்பர் மகள் சார்.

"நீங்க வீட்டுல அஞ்சு நிமிஷம்னு எதைச் சொல்லிக்கொடுத்தீங்க?" என்று கேட்டார் மிஸ்.

"அஞ்சு நிமிஷம்னா முந்நூறு நொடின்னு சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்றேன். சும்மா விடுவேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே நானே ஒரு பரீட்சை வைத்தேன். போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டேன். "கண்ணை மூடிக்கோ பாப்பா. அஞ்சு நிமிஷம் ஆனதும் அப்பாகிட்ட சொல்லு" என்றேன். கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆனது. சரி, குழந்தைதானே, கொஞ்சம் கூடுதலாக எடுக்கும் என்று விட்டேன். பத்து ஆனது. எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது ஆனபோது சிரிப்பு போய்விட்டது. எழுப்பிவிடலாமா என்று பார்த்தால், உதடு மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருக்கிறது. நாற்பத்துமூன்றாவது நிமிஷம் கண்ணைத் திறந்து, "இப்போ ஆயிடுச்சு" என்றாள்.

"எப்படிடி கணக்குப் போட்ட?" என்று கத்தினேன்.

"மனசுக்குள்ள பார்த்தேன்ப்பா. மூக்காயி அக்கா கிரவுண்ட் முழுக்கக் கூட்டினாங்க. குப்பையை அள்ளினாங்க. வாளியைக் கழுவிக் கவுத்தாங்க. பூட்டு எடுத்துக்கிட்டு வந்து ரூம் ரூமா பூட்டினாங்க. அப்புறம் நீ வந்துட்ட."

"நான் வந்தது போனதை யார் கேட்டா? அஞ்சு நிமிஷம் எவ்வளவுன்னு கேட்டேன்."

"அதான்ப்பா சொல்றேன்."

அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அமுதவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். "அவ சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள். பாருங்கள். நாற்பத்துமூன்று நிமிஷத்தை ஐந்து நிமிஷம் என்கிறது பிள்ளை, அது சரி என்கிறாள் தாய். இப்படிச் செல்லம் கொடுத்தால் பிள்ளை எங்கே உருப்படும்?

அடுத்த ஞாயிறும் சோதித்தேன். நாற்பத்தொன்று. எனக்கு அதுதான் ஆச்சரியம் சார். தப்பு என்றால் ஒரு நாள் பத்து வரும், ஒரு நாள் அறுபது வரும். இவள் தப்பிலும் ஒரு ஒழுங்கு. இந்த நாற்பதை எங்கிருந்து பிடித்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு மிஸ் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அமுதவல்லியையும். ஸ்கூலில் புது விதி போட்டுவிட்டார்களாம். நாலு மணிக்கு மேல் எந்தப் பிள்ளையும் உள்ளே இருக்கக்கூடாது. வீட்டு ஆள் வராத பிள்ளைகள் மூன்று ஐம்பதுக்கு எடுக்கும் ஸ்கூல் வேனில் ஏறிவிட வேண்டும். வேன் நேரே அமுதவல்லியின் கம்பெனி வாசலில் இறக்கிவிடும். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு அறை இருக்கிறது. எல்லாம் இவர்கள் இருவரும் முன்பே பேசி வைத்ததுபோல இருந்தது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பிள்ளையை நான் கூட்டிட்டுப் போவேன். அந்த நேரத்தை விட்டா எனக்கு அவளைப் பார்க்க நேரமே கிடையாது மிஸ்" என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்து, "ரெண்டு வாரம் பார்ப்போம். மூணு நாற்பதுக்கு வந்து நில்லுங்க" என்றார்.

"ரெண்டு வாரம் கழிச்சு அவகிட்டயே கேளுங்க மிஸ்" என்றாள் அமுதவல்லி. "யாரோட வர்றேன்னு அவளே சொல்லட்டும். அதுக்கப்புறம் நானும் பேச மாட்டேன், இவரும் பேசக்கூடாது."

சரி என்றேன். உடனே சரி என்றேன். என் பிள்ளை என்னை விட்டு வேறு யாரைச் சொல்லும்?

அன்றைக்கே அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். முள் உள்ளது, ரோஜா நிற வார். கையில் கட்டி, "இதுல பெரிய முள் எட்டுல நிற்கும்போது அப்பா கேட்ல நிப்பேன்" என்றேன். "எட்டுன்னா நாற்பது" என்றாள். "அதேதான்."

முதல் நாள் சொன்னபடி போய் நின்றேன். மூன்று நாற்பது. பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்த பிறகும் கேட்டில் அவள் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே ஓடினால், கிரவுண்டின் மறு கோடியில் மூக்காயி அக்காவோடு உட்கார்ந்து கல் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். "என்னப்பா ஆச்சு? உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூக்காயி அக்கா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டது. சிரிக்க என்ன இருக்கிறது?

இரண்டாம் நாளிலிருந்து கேட்டில் நின்றாள். கடிகாரத்தைப் பார்ப்பாள், தெருவைப் பார்ப்பாள். நான் வந்ததும் ஏறிக்கொள்வாள். திருச்சி பஸ், திண்டுக்கல் பஸ் என்று எண்ணிக்கொண்டே வருவோம். அந்த வாரம் முழுவதும் அவள் பேச்சு நிற்கவே இல்லை. வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள்.

இரண்டு வாரத்தில் பத்து நாள். பத்தில் ஏழு நாள் நேரத்துக்குப் போனேன் சார். ஏழு நாள். இந்தப் பஸ் நிலையத்தில் பத்துக்கு ஏழு வண்டி சரியாக எடுத்தால் நான் மாலை போடுவேன்.

மற்ற மூன்று நாளும் தவிர்க்க முடியாதது. கடைசி வியாழக்கிழமை இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். வீரமாத்திக்காரன் பிச்சைமுத்து இரண்டு நிமிஷம் தாமதமாக எடுத்தான். தங்கராணிக்காரன் குறுக்கே வண்டியைப் போட்டுவிட்டான். இருவருக்கும் பஞ்சாயத்து. "பழனியாண்டி அண்ணன் சொல்லட்டும், அவர் வாட்ச்தான் கணக்கு" என்று இருவருமே சொல்கிறார்கள். எப்படி விட்டுவிட்டு வருவது? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. மூன்று நாற்பது ஆகும்போது மூக்காயி அக்காவுக்குப் போன் அடித்தேன். அஞ்சு நிமிஷம் என்று சொன்னேன்.

போய் நின்றபோது கேட் சாத்தியிருந்தது. புது விதி. மூக்காயி அக்கா அவளை வெளியே கூட்டிவந்து வேப்பமரத்தடியில் துணைக்கு நின்றுகொண்டிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினாள்.

"சின்ன முள் நாலைத் தாண்டிடுச்சு. பெரிய முள் நாலுல நிக்குது. நாலு இருபது. சரியாப்பா?"

சரி சார். துளி பிசகில்லை. விரல் விட்டு எண்ணவில்லை, யாரையும் கேட்கவில்லை, பார்த்த மாத்திரத்தில் சொன்னாள். மூன்று மாதமாக நான் பட்ட பாடு வீண் போகவில்லை. அந்தக் களைப்பிலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "கெட்டிக்காரி" என்று முதுகில் தட்டினேன்.

"அஞ்சு நிமிஷம்னா பெரிய முள் ஒரு நம்பர்தானேப்பா நகரணும்?"

"ஆமா. ஒரே ஒரு நம்பர். கரெக்ட்."

"எட்டு நம்பர் நகர்ந்திருக்கு."

"எட்டஞ்சு?"

"நாற்பது."

பாருங்கள், வாய்ப்பாடும் வந்துவிட்டது. மூக்காயி அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், "பார்த்தீங்களாக்கா, இனிமே இவளை யாரும் ஏமாத்த முடியாது." அக்கா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டது. வழியில் நான்தான் பஸ் பெயரெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சஷ்டிகா திருத்தவில்லை. களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மூன்று பதினைந்துக்கு நான்தான் முதலில் போய் உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். அமுதவல்லி அரை நாள் லீவு போட்டு வந்தாள். நான் மிஸ்ஸிடம் ஏழு நாள் கணக்கைச் சொன்னேன். பிள்ளைக்கு மணி பார்க்க வந்துவிட்டது, வேண்டுமானால் இப்போதே சோதித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். "தெரியும் சார். வகுப்புல இப்போ அவதான் முதல்ல சொல்றா" என்றார் மிஸ். அஞ்சு நிமிஷத்துக்கு இப்போது சரியாக அஞ்சு நிமிஷத்தில் கையைத் தூக்குகிறாளாம். அப்புறம் என்ன குறை என்றேன். மிஸ் அவளைக் கூட்டிவரச் சொன்னார்.

வந்து எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் நின்றாள். மிஸ் குனிந்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, யாரும் திட்ட மாட்டார்கள், யாருக்கும் வருத்தம் இல்லை, சாயங்காலம் அப்பா வரும்வரை காத்திருக்கிறாயா, வேனில் போகிறாயா என்று கேட்டார்.

சஷ்டிகா வேனில் போகிறேன் என்றாள்.